அம்மா ஆண்டவரிடம் மலாய் பேசிய மாதங்கள்

என் அம்மாவுக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. தேயிலைச் செடிக்கடியில் சுருண்டு கிடந்த ஒன்றை ஒரே போடாகப் போட்டுவிட்டு, முதுகுக் கூடையை இறக்காமலே அடுத்த செடிக்குப் போனவள். இடிக்குப் பயமில்லை, மழையில் சரியும் மண்ணுக்குப் பயமில்லை, அப்பாவின் கோபத்துக்குச் சுத்தமாகப் பயமில்லை. ஆனால் மேசைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஆராதனையில் பாடுபவர்தான். அவரே திங்கட்கிழமை மேசைக்குப் பின்னாலிருந்து "பேரு?" என்று கேட்டால், அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தானா ராத்தா டவுனில் ஐந்தாம் பாரம் வரை படித்துவிட்டு எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுகளையும் சத்தம் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நம்பிய வயது அது.

எழுபதுகளின் நடுப்பகுதி. தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சு ஐசி என்ற அடையாள அட்டையில்தான் வந்து நிற்கும். நீல ஐசி வைத்திருந்தவர்கள் குடிமக்கள். சிவப்பு ஐசிக்காரர்கள் பெர்மிட் இருந்தால்தான் வேலை செய்யலாம். அந்தப் பெர்மிட்டை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், கிடைக்கும் என்று நிச்சயமில்லை. எங்கள் வரிசையிலேயே மூன்று வீடுகள் காலியாகிவிட்டன. கப்பலேறிப் போனவர்களைப் பற்றி, "நாடு திரும்பிட்டாங்க" என்று சொல்வார்கள். கண்ணாலேயே பார்க்காத நாட்டுக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

அப்பா இந்த மலையிலேயே பிறந்தவர், நீலம். நானும் தம்பியும் நீலம். ஆறு வயதில் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் வந்து இறங்கிய என் அம்மா மட்டும் சிவப்பு. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதிகாரி மலாயில் பேசுவார், மலாயில் பதில் சொல்ல வேண்டும்; அவ்வளவுதான் சோதனை. தேறாவிட்டால் பெர்மிட்டை நம்பிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அது ஒருநாள் நின்றுபோனால், அம்மா ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

அந்த நேர்காணலுக்கு அம்மா தயாரான விதத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே போய்த் தேறி வந்தவர். அவர் உதவி செய்வதாக நினைத்து, தன்னைக் கேட்ட கேள்விகளை வரிசையாக ஒப்பித்தார்.

"மொதல்ல பேரு கேப்பாரு. ரெண்டாவது எங்க வேல செய்றேன்னு கேப்பாரு. மூணாவது எத்தன பிள்ளைங்க. நாலாவது எத்தன வருசமா இருக்கேன்னு. ஒன்னும் பயப்படாத லா, அவ்ளோதான்."

அம்மா கேள்விகளை விட்டுவிட்டாள். பதில்களை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனப்பாடம் செய்தாள். கொழுந்து பறிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே பறித்தாள். நானும் அதைக் கவனிக்காமல் விட்டேன் என்பதுதான் என் படிப்புக்கு வந்த கேடு.

நேர்காணல் அன்று இருந்த அதிகாரி நல்ல மனிதர். முகம் வெளிறி நின்ற அம்மாவைப் பார்த்து, "சுடா மாக்கான்?" என்று சிரித்தபடி கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். அம்மா தன் பெயரைச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அம்மா, "தேயிலைத் தோட்டம்" என்றாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரோடு வந்தீர்கள் என்று கேட்டார். "ரெண்டு" என்றாள். அதன்பிறகு ஏதோ சரியில்லை என்று அவளுக்கே புரிந்துபோனது. நான்காவது பதில் வரவேயில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். சில மாதம் கழித்து இன்னொரு தடவை கூப்பிடுகிறோம், பழகிக்கொண்டு வாருங்கள் என்று மரியாதையாகவே அனுப்பினார்.

திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட எனக்கு அவமானத்தில் காது சுட்டது. பஸ்ஸில் அவளை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவள்தான் பேசினாள். "ஆண்டவர் பாத்துக்குவாரு பாப்பா." அந்த வாக்கியத்தைக் கேட்டால் அந்த நாட்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோழைகள் ஒளிந்துகொள்ளும் மூலை அது என்று நினைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் வேதக்காரர்கள் வீடு ஏழுதான். மற்றவர்கள் எல்லாம் மாரியம்மன் கோயில். போதகர் மாதத்துக்கு இரண்டு முறை மேலே வருவார், மற்ற ஞாயிறுகளில் நாங்களே பாடி நாங்களே ஜெபித்துக்கொள்வோம். அம்மா பிறப்பால் வேதக்காரி இல்லை, அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள். ஆனால் ஜெபம் என்று உட்கார்ந்தால் ஏழு வீட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் கண்ணை மூடி, கைகளைக் கோத்து ஆரம்பித்தால், சோறு ஆறிப்போகும்வரை பேசுவாள். ஆராதனைப் பேச்சு கிடையாது. அடுத்த வீட்டுக்காரியிடம் குழாயடியில் பேசுவதுபோலப் பேசுவாள். கருவாடு விலை, அப்பாவின் கால்வலி, கங்காணியின் ஓரவஞ்சனை எல்லாம் வரும்.

நேர்காணலிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமும் அப்படித்தான் பேசினாள். தடங்கலே இல்லாமல், ஊற்றிய தண்ணீர் மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. ஆமென் சொல்வதற்குள் குறுக்கே விழுந்தேன்.

"அந்த ஆளுகிட்ட நாலு வார்த்த பேச வாய் வரல. இங்க மட்டும் அர மணி நேரம் வருது. ஏம்மா, ஒங்க ஆண்டவருக்கு மலாய் தெரியாதா? அவருகிட்டயே மலாய்ல பேசிப் பழகேன்!"

அப்பா, "வாய மூடு" என்றார். தம்பி சிரித்தான். நான் குத்திக்காட்டத்தான் சொன்னேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. ஏதோ கணக்குப் போடுபவள் மாதிரி இருந்தது முகம்.

"தெரியும்ல? அவருக்கு எல்லாந் தெரியும்" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் அடுப்படியிலிருந்து சத்தம் கேட்டது. "ஆண்டவரே" என்ற சொல்லை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டு, மீதியை மலாயில் பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு எழுந்திருக்க நேரமாகிவிட்டது. விறகு ஈரம். குளிர் அதிகம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு பஸ் வந்து போகும் அளவுக்கு இடைவெளி. எனக்குச் சிரிப்பு வந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சிரிப்பு ஒரு வாரத்தில் நின்றுபோனது. ஜெபத்துக்குச் சொற்கள் போதாமல் அவள் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். "அட்டப்பூச்சிக்கு மலாய்ல என்னா?" "பாச்சாட்." "வீக்கத்துக்கு?" சொன்னேன். பிறகு ஒருநாள், "பொறாமைக்கு?" என்றாள். கடைக்கு மலாய் வேண்டும், ஆபீஸுக்கு மலாய் வேண்டும், பொறாமை எதற்கு? "ஈரி ஹாத்தி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நாள் முழுக்க அதே யோசனை. என் அம்மா யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்? இந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்குள் அப்படியெல்லாம் இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து விடை கிடைத்தது. நான் ஆபீஸுக்குள் விறுவிறுவென்று நுழைந்து துரையிடமே பேசிவிட்டு வருவதைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாம். அதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், அரைகுறை மலாயில்.

அவளுக்கு முதலில் நன்றாகப் படிந்த சொல் "தாக்குட்". பயம். ஆண்டவரே, சாயா தாக்குட். ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் சொன்னாள், கொழுந்துக் காட்டில் சொன்னாள், துணி துவைக்கும்போது சொன்னாள். தமிழில் ஒருநாளும் எங்களிடம் அதைச் சொன்னதில்லை. கேட்டால், "சளி புடிச்சிருக்கு" என்பாள், "தல சுத்துது" என்பாள்.

இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்மத்தியானம் மூடுபனி இறங்கியிருந்தது. அப்பாவும் தம்பியும் ரிங்லெட் டவுனுக்குப் போயிருந்தார்கள். நான் உள்ளே பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் அரிசி புடைத்தபடி ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். கப்பலைப் பற்றிய பேச்சு. இறங்கிய இடத்தில் ஒரு முகாம். ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒருவர். அம்மாவின் அம்மாவுக்கு நல்ல காய்ச்சல், பேச முடியவில்லை. மேசைக்காரர் ஆறு வயதுக் குழந்தையைப் பார்த்து ஏதோ கேட்டார். குழந்தை பேசவில்லை. மறுபடியும் கேட்டார். பேசவில்லை. பிறகு ஆட்கள் வந்து அந்தத் தாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வரவில்லை. ஆண்டவரே, நான் பதில் சொல்லவில்லை. அதனால்தான் கொண்டுபோனார்கள்.

சின்னப் பிள்ளைகள் பேசுவதுபோலச் சின்னச் சின்ன வாக்கியங்கள். அவளுக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், காப்பாற்ற முடியவில்லை. அது எந்தப் பிள்ளையின் பதிலாலும் நின்றிருக்காது. இதை நான் எழுந்துபோய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒட்டுக்கேட்டதற்கு வெட்கமாக இருந்தது. நாற்பது வருசத்துப் பாரத்தைக் கோழைத்தனம் என்று பெயர் வைத்துத் திட்டிக்கொண்டிருந்ததற்கு அதைவிட வெட்கமாக இருந்தது.

ஆனால் அன்றைக்கு அவள் முடித்த விதத்தைக் கேட்டேன். நீங்கள் அப்போதும் அங்கே இருந்தீர்கள், எனக்குத்தான் தெரியவில்லை என்றாள். இருமிவிட்டு, முறத்தைத் தட்டிவிட்டு, ஆமென் என்றாள்.

இரண்டாவது நேர்காணல் நாள் காலையில் அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். சேலைக்கு ஊசி குத்திக்கொள்ள அவளால் ஆகவில்லை. நான்தான் குத்திவிட்டேன்.

"வேணாம்மா" என்றேன். "கடுதாசி எழுதி இன்னொரு நாள் கேப்போம். ஒடம்பு சரியில்லன்னு எழுதுறேன்."

"ஒடம்பு நல்லாதான இருக்கு. பயந்தான்." முதல் தடவையாக அந்தச் சொல்லை என்னிடம் தமிழில் சொன்னாள். "போறேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன் பாப்பா. சொல்லிட்டு எப்பிடி லா நிக்கிறது? வா, பஸ்ஸு போயிரும்."

இந்த முறை வேறு அதிகாரி. மலாய்க்காரர்கள் போடும் சொங்கோக் தொப்பியும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக வயதான மனிதர். உள்ளே அவள் போனாள், வெளியே பெஞ்சில் நான். கதவு பாதி திறந்திருந்தது. அவர் உட்காரச் சொன்னார். பெயரைக் கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். மேசை விளிம்பில் அம்மாவின் கை வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அவள் குரல் கேட்டது. மலாயில்தான், ஐயா என்று விளித்துக் கேட்டாள்.

"எஞ்சே, நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உடம்பு சரியில்லையா?"

"நோய் இல்லை. தாக்குட்."

பிறகு அவர் பேனாவைக் கீழே வைக்கும் ஒலி கேட்டது. "போலே" என்றார். சரி, மூடிக்கொள்ளுங்கள்.

என் அம்மா கண்ணை மூடினாள். கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்தாள். அவர் பெயரைக் கேட்டார், சொன்னாள். என்ன வேலை என்று கேட்டார். கொழுந்து பறிப்பது, மழைக்காலத்தில் பாச்சாட் ஏறுவது, கூடை கனமானால் தோள் வீங்குவது எல்லாம் சொன்னாள். பிள்ளைகள் எத்தனை என்றதற்கு, இரண்டு, மூத்தவள் ஆசிரியை, கோபக்காரி, ஆனால் நல்ல பெண் என்றாள். அவர் சிரித்தது வெளியே கேட்டது. சாப்பாடு, கடை, ஊர் என்று அவர் எதையெதையோ முன்னும் பின்னுமாகக் கேட்டார். எந்தக் கேள்வி எங்கிருந்து வந்தாலும் அவள் பேசினாள். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் நிற்கவில்லை. குழாயடியில் பேசுவதுபோலப் பேசினாள்.

கடைசியாக, ஏன் இந்த நாட்டுக் குடிமகளாக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். பெரிய கேள்வி. நான் சொல்லிக்கொடுத்த நான்கு வரிப் பதில் ஒன்று உண்டு, நாடு, விசுவாசம், கடமை என்று. அதை அவள் தொடவே இல்லை.

"என் அம்மா இந்த மண்ணில் இருக்கிறாள்" என்றாள். "என் வீட்டுக்காரர், என் பிள்ளைகள், இங்கே இருக்கிறார்கள். அங்கே போனால் நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்? எனக்கு யாரையும் தெரியாது. தயவுசெய்து என்னை இவர்களோடு இருக்க விடுங்கள். எனக்கு வேறெதுவும் வேண்டாம். ஆமென்."

பழக்கதோஷம். அவளை அறியாமல் வந்துவிட்டது.

"ஆமின்" என்றார் அந்த அதிகாரி. அவருக்கும் அது பழக்கதோஷம்தான். தொழுகை முடிந்ததும் செய்வதுபோல முகத்தைத் தடவிக்கொள்ள இரண்டு உள்ளங்கைகளும் பாதி உயர்ந்துவிட்டன. பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்தவர்போல, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அந்த அறையில் இருந்த இருவரும் சிரிக்கவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த நான்தான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். "பயம் போயிருச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க போச்சு? உள்ளதான் ஒக்காந்திருந்துச்சு, களுத." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டு நான் அவருகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்."

நான் எத்தனையோ தைரியசாலிகளைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் முழங்கியவர்கள், துரையோடு சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டவர்கள். பயமில்லாதவர்கள் தைரியமாக இருப்பதில் என்ன பெரிய வித்தை? அவ்வளவு பயத்தோடும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நம்பிய ஒருவரின் கையைப் பிடித்தபடி அந்த மேசை வரை போனவள் என் அம்மா. நம்பிக்கை என்பது ஒளிந்துகொள்ளும் மூலை என்று நினைத்தவள் நான். அவளுக்கு அது வெளியே வரும் கதவாக இருந்திருக்கிறது. அவளுடைய மகள் என்பதில் எனக்குள்ள பெருமையை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடிதம் வரப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் லயத்தில் விஷயம் பரவி, நேர்காணலுக்குப் போகிற பெண்கள் எல்லாம் அம்மாவைத் தேடி வந்தார்கள். மாரியம்மன் கோயில் வீட்டு அம்மா ஒருவர், "நானும் கண்ண மூடிக்கிட்டா ஆவுமா?" என்று கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, "மூடுறது பெருசில்ல அக்கா. உள்ள யாராச்சும் இருக்கணும்" என்றாள். அவருக்காகத் தினமும் மலாயில் ஜெபித்தாள். அந்த அம்மா தேறி வந்து எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்.

எங்கள் கடிதம் ஒரு முற்பகலில் ஆபீஸுக்கு வந்தது. கிராணி ஆள் அனுப்பிப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் சேர்த்தார். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலைச்சரிவில் ஏறினேன். அம்மா மேல்வரிசையில் பறித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்று மலாயில் இருந்ததை அப்படியே படித்தேன். தமிழில் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டித் தடுத்தாள். அவளுக்குப் புரிந்திருந்தது.

கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டாள். பிறகு, "இனிமே என்னைய யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள்.

"மாட்டாங்கம்மா."

"நெசமா?"

"நெசமா."

"அப்ப அழுதுக்கிறேன்" என்றாள்.

செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குக் கால் ஒடிந்தபோதும், காலியான வீடுகளைத் தாண்டி நடந்தபோதும், முதல் நேர்காணலில் தோற்றுத் திரும்பியபோதும் அழாதவள், ஆறு வயதுப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். இத்தனை நாள் அடக்கிய பயம் எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கங்காணி சத்தம் போட வந்தவர், கடிதத்தையும் அவளையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அவள் முதுகிலிருந்து கூடையைக் கழற்றி என் முதுகில் மாட்டிக்கொண்டு, அவள் விட்ட இடத்திலிருந்து பறிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துக் கை. கிடைத்ததை எல்லாம் பிடுங்கிப் பின்னால் போட்டேன்.

"அது முத்தல்டி" என்றாள் அம்மா, அழுகைக்கு நடுவில், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எளசா பாத்து எடு."